புகார் சொல்லாத சித்தி

சின்னவளின் கார் சுவரில் மோதிய செய்தி வந்தபோது பெரியவள் வேறு யாரோ ஒருவருடைய காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தாள். அதுதான் அவளுக்கு உத்தியோகம். கார் செய்யும் கம்பெனி ஒன்றில் விபத்து ஆராய்ச்சிப் பிரிவு. அந்தக் கம்பெனி வண்டி எங்கே போய் எதில் மோதினாலும் இவள் போய் நிற்பாள். எது நசுங்கியது, எது மடங்கியது, உள்ளே இருந்தவருக்கு எங்கே அடி, எதில் இடித்து அந்த அடி என்று பார்த்துப் பதிவு செய்வாள். அந்தப் பதிவு ஆய்வுக்கூடத்துக்குப் போகும். அங்கே அதே மாதிரி ஒரு வண்டிக்குள் பொம்மைகளை உட்கார வைத்து, வேண்டுமென்றே சுவரில் மோதவிட்டுப் பார்ப்பார்கள். பிறகு வரும் வண்டியில் ஒரு தகடு கொஞ்சம் தடிக்கும், ஒரு விளிம்பு மழுங்கும். எங்கோ ரோட்டோரத்தில் ஒருத்தர் அழுத அழுகை, சில வருஷம் கழித்து ஒரு திருகாணி இடம் மாறுவதில் போய் முடியும்.

போனில் அம்மா.

“எங்க இருக்க?”

“வேலையில.”

“உன் தங்கச்சி காரைக் கொண்டுபோய் சுவத்துல மோதிட்டா. உயிருக்கு ஒண்ணும் இல்ல. பேசறா. பேசறாளா, கத்திட்டிருக்கா.”

“எந்தப் பக்கம்?”

“என்னது எந்தப் பக்கம்?”

“காருக்கு எந்தப் பக்கம் அடி?”

அம்மா போனை வைத்துவிட்டாள். ‘தங்கச்சி எப்படி இருக்கான்னு கேக்கல, எந்தப் பக்கம்னு கேட்டா’ என்பதை அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த ஒருவர் விடாமல் எல்லாரிடமும் அம்மா சொன்னாள். பெரியவள் மறுத்துப் பேசவில்லை. கேட்டது உண்மைதான். எந்தப் பக்கம் என்று தெரிந்தால் உடம்பில் எங்கே அடி என்று பாதி தெரிந்துவிடும். அவளுக்குத் தெரிந்த பதற்றம் அப்படித்தான் வாயில் வந்தது. காருக்கு அடியிலிருந்து எழுந்தபோது நெற்றியை இடித்துக்கொண்டதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சின்னவள் பல் டாக்டர். வீட்டில் உயரத்தைப் பங்கு பிரித்தபோது மொத்தமும் பெரியவளுக்குப் போய்விட்டது. ஈடாகச் சின்னவளுக்கு வாய் வந்தது. நோயாளி நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகை போட்டு அதன் மேல் ஏறி நின்றுதான் அவள் பல் பிடுங்குவாள். “வலிக்காது” என்பாள். வலிக்கும். ஆனால் அவள் சொன்ன தோரணையில், வலித்தது தங்கள் தப்போ என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சின்னவளின் கணவர் நின்றிருந்தார். மருந்துக்கடை வைத்திருப்பவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர்.

“முன்னால போன வேன் திடீர்னு நின்னுடுச்சாம். ஒடிச்சிருக்கா. நேரா காம்பவுண்டு சுவர். வேகம் ஒண்ணும் பெருசா இல்ல அக்கா. அதான் புரியல.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, குறையாக இல்லாமல் தகவலாகச் சொன்னார்: “நீங்க சொன்னீங்கன்னுதான் இந்த வண்டி வாங்கினோம்.”

“தெரியும்” என்றாள் பெரியவள்.

வலது பக்கம் கீழ் விலா எலும்புகள் முறிந்திருந்தன. கல்லீரலில் ஒரு கிழிசல். கத்தி வைக்க வேண்டியதில்லை, ஆனால் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். அசையாமல் படுத்திருப்பது சின்னவளுக்குப் பிறந்ததிலிருந்தே வராத ஒன்று. வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. வேன்காரன், அவன் அப்பன், சுவர் கட்டியவன் என்று வரிசையாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நர்ஸ் உடுப்பை விலக்கிக் கட்டை மாற்றியபோது பெரியவள் பார்த்தாள். வயிற்றுக்கு மேலே, விலாவை ஒட்டி, கருநீலமாகப் பட்டையாக ஒரு கன்றல். தோளில் எதுவும் இல்லை. கழுத்தோரமும் துப்புரவாக இருந்தது. சீட் பெல்ட் போட்டு மோதியவர்கள் தோளில் சாய்வாக ஒரு கோடு விழும். அதை அவள் எத்தனையோ உடம்புகளில் பார்த்திருக்கிறாள். தோளில் கோடு இல்லையென்றால் பெல்ட் தோளில் இல்லை. பெல்ட்டைக் கைக்கு அடியில் விட்டு, அக்குளுக்குக் கீழே இழுத்துப் போட்டால் இப்படித்தான் வரும். நெஞ்சு தாங்க வேண்டியதை வயிறு தாங்கியிருக்கிறது.

“பெல்ட் போட்டிருந்தியா?”

“போட்டிருந்தேன்.”

“சரியா?”

“சரியாப் போடாம? நீதான் வருஷக்கணக்கா காதுல ஓதறியே, அப்படியேதான் போட்டிருந்தேன்.” சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள். பெரியவளுக்கு அந்த மூடல் தெரியும். சின்ன வயதில் கண்ணாடி ஜாடி உடைந்தபோதும் இவள் இப்படித்தான் தூங்கினாள்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பெரியவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

சொந்தக்காரர் விபத்தைச் சொந்தக்காரர் ஆராயக் கூடாது என்பது கம்பெனி விதி. அதனால் பிரிவில் இருந்த இன்னொருவர் போனார். அவரை எல்லாரும் சாது என்று கூப்பிட்டார்கள். யார் எதைச் சொன்னாலும் “அப்படிங்களா” என்று எழுதிக்கொள்வார். குடித்துவிட்டு மோதியவர் “பால்தான் சாப்பிட்டேன்” என்றால், என்ன பால் என்று கேட்டு அதையும் எழுதுவார். சாது சின்னவளின் வண்டியைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போய் அவளையும் பார்த்தார். பெல்ட் முறையாக அணிந்திருந்தார் என்று எழுதினார். அவள் அவருடைய கடைவாய்ப் பல்லைப் பற்றி எச்சரித்து அனுப்பினாள்.

சாது எழுதியதைப் படித்துப் பிரிவுத் தலைவருக்குத் தலைவலி வந்தது. தலைவருக்கு அலுவலகத்தில் ஸ்டிக்கர் என்று பெயர், அவர் இல்லாத நேரத்தில். எந்தப் பிரச்சினை வந்தாலும் ‘இதைச் செய்யாதீர்கள்’ என்று வண்டியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் தீர்ந்தது என்பது அவர் கொள்கை. கெட்ட மனிதர் இல்லை. ஸ்டிக்கர் ஒட்டச் செலவாகும் நேரத்தில் ஒரு வண்டியை மாற்ற முடியாது என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

“சுமாரான வேகம். பெல்ட் ஒழுங்கா போட்டிருக்காங்க. காற்றுப்பையும் விரிஞ்சிருக்கு. அப்படியும் கல்லீரல் கிழிஞ்சிருக்குன்னா நம்ம பெல்ட்டுல ஏதோ கோளாறு” என்றார். “நீ என்ன நினைக்கிற?”

“அந்தக் கேஸ்ல நான் பேசக் கூடாது சார்.”

“ஆமா, கூடாது. என்ன நினைக்கிற?”

“பேசக் கூடாது சார்.”

சரி, மோதிப் பார்த்துவிடலாம் என்று முடிவானது. அதற்காகச் சித்தியை எடுத்தார்கள்.

பொம்மைகளுக்கு ஆய்வுக்கூடத்தில் தனி அறை உண்டு. வெயில் ஏறினால் அவற்றின் ரப்பர் இளகிவிடும், குளிர்ந்தால் விறைத்துவிடும், அளவு தப்பிவிடும். ஆகவே வருஷம் முழுவதும் அங்கே ஏசி ஓடும். அவற்றை உட்கார வைக்கும் மனிதர்களின் அறையில் மின்விசிறிதான். பொம்மைகளைப் பார்த்துக்கொள்ளும் பொம்மைக்காரர் அவற்றுக்கு முறை வைத்துத்தான் கூப்பிடுவார். ஆள் கனமான பொம்மை பெரியப்பா. நடுத்தர ஆண் அப்பா. குள்ளமான பெண் பொம்மை சித்தி. மோதலுக்கு முன்னால் முகத்தில் கலர் மை பூசுவார், முகம் எதில் போய் இடித்தது என்று மை சொல்லும். சித்திக்குப் பச்சை. “பாத்துப் போயிட்டு வா சித்தி” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவார். யாரும் சிரிப்பதில்லை, பழகிவிட்டது.

சித்தி சின்னவளின் உயரம்தான். பெல்ட்டைத் தோளின் மேல் விட்டு, இருக்கையை முன்னால் தள்ளி, வண்டியைச் சுவருக்கு அனுப்பினார்கள். சித்திக்கு ஒன்றும் ஆகவில்லை. மூக்கில் இருந்த பச்சை காற்றுப்பையில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அளவுகள் எல்லாம் நன்றாக இருந்தன.

“பெல்ட் நல்லாத்தான் இருக்கு” என்றார் ஸ்டிக்கர், நிம்மதியும் குழப்பமுமாக. “அப்ப உன் தங்கச்சி உடம்பு வாகு அப்படி. காரணம் தெரியவில்லைன்னு எழுதி மூடிடலாம்.”

பெரியவள் தலையாட்டினாள். அன்று வேலை முடிந்ததும் நேராகத் தங்கை வீட்டுக்குப் போனாள்.

சின்னவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்துச் சாய்ந்திருந்தாள். அம்மா அடுக்களையில் இருந்தாள். பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஒண்ணு கேக்கணும். உன்கிட்ட பல் காட்ட வர்றவங்க தினம் ரெண்டு வேளை தேய்க்கிறேன்னு சொல்வாங்கல்ல?”

“எல்லாரும்தான் சொல்வாங்க.”

“நம்புவியா?”

“எதுக்கு நம்பணும்? வாயைத் திறங்கன்னா தெரிஞ்சுடப்போகுது.”

“நானும் உன் தோளைப் பாத்தேன்” என்றாள் பெரியவள்.

சின்னவள் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலில் ஒன்றுமில்லை, எதிர்வீட்டுச் சுவர்தான்.

“அன்னிக்கே தெரியுமா உனக்கு?”

“அன்னிக்கே தெரியும்.”

“அப்புறம் ஏன் வாயை மூடிட்டு இருந்த? நீ கத்துவ, நானும் பதிலுக்குக் கத்தலாம்னு இருந்தேன்.”

“அம்மா இருந்தா.”

“அந்த மனுஷன்கிட்ட வேற பொய் சொல்லிட்டேன். அப்படிங்களா, அப்படிங்களான்னு எழுதிக்கிட்டாரு. பாவமா இருந்துச்சு.” சின்னவள் விலாவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். “ஒத்துக்கிட்டா ஆயுசுக்கும் உன் வாயில விழணும். அதான் சொல்லல. ‘நான் அப்பவே சொன்னேன்’னு நீ ஒரு பார்வை பாப்பியே, அதுக்கு இன்னொரு தடவை சுவத்துல மோதலாம்.”

“நான் அப்படிப் பாக்கறதில்ல.”

“இப்பப் பாக்கறியே, இதான் அது.”

பெரியவள் பார்வையைத் தரைக்கு மாற்றினாள்.

“கழுத்தை அறுக்குதுக்கா” என்றாள் சின்னவள், குரல் இறங்கி. “தோள் மேல போட்டா நேரா இங்க வந்து உக்காருது.” கழுத்தில், காதுக்குக் கீழே, கையை வைத்துக் காட்டினாள். “கிளினிக் போறதுக்குள்ள சிவந்துடும். முதல்ல கைக்குட்டை வெச்சுப் பாத்தேன், நழுவிடுது. அப்புறம் கையால பிடிச்சுக்கிட்டே ஓட்டினேன். ஒத்தைக் கையில எவ்வளவு நாள் ஓட்டறது? கைக்கு அடியில விட்டேன். சுகமா இருந்துச்சு. நான் என்ன பைத்தியமா, வேணும்னா செய்வேன்?”

பெரியவள் இந்தத் தொழிலில் எவ்வளவோ பேரிடம் ‘பெல்ட் போட்டிருந்தீர்களா’ என்று கேட்டிருக்கிறாள். போடவில்லை, தப்பாகப் போட்டிருந்தேன் என்று சொன்னவர்களுக்கு எதிரே ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறாள். ஏன் என்று கேட்டதில்லை. கேட்கும் இடம் அந்தப் படிவத்தில் இல்லை. அவள் உயரமானவள். பெல்ட் அவள் தோளில் எப்போதும் தானாகப் போய் உட்காரும்.

“சித்திக்கு அறுக்கல” என்றாள் கடைசியில்.

“எந்தச் சித்திக்கு?”

பெரியவள் விளக்கினாள். சின்னவள் முழுவதும் கேட்டாள்.

“அவளுக்குத் தோல் எதுல?”

“ரப்பர்.”

“அதான்” என்றாள் சின்னவள். “அவ எங்க புகார் சொல்லப் போறா?”

மறுநாள் காலை சின்னவளே சாதுவுக்குப் போன் செய்து தான் சொன்னது பொய் என்றாள். “அப்படிங்களா” என்று எழுதிக்கொண்ட சாது, “முதல்ல சொன்னதை அடிச்சுடவா, இல்ல அதுவும் இருக்கட்டுமா?” என்று கேட்டார். அடித்துவிடச் சொன்னாள். பல் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றார் சாது. இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

கேஸ் திருத்தப்பட்டதும் ஸ்டிக்கரின் முகம் மலர்ந்தது. “தவறான பயன்பாடு!” என்றார். “முதல்லயே சொல்லியிருக்கலாமே. பெல்ட்டைக் கைக்கு அடியில் விடாதீர்கள், அப்படின்னு ஒண்ணு ஒட்டிடுவோம். முன்னால வெயில் மறைக்கிற தட்டுல இடம் இருக்கு.”

“ஒட்டலாம் சார். கேஸ்தான் முடிஞ்சுதே, இப்ப நான் பேசலாம். அதுக்கு முன்னால அவ எப்படிப் போட்டிருந்தாளோ அப்படியே ஒரு தடவை மோதிப் பாக்கணும்.”

“தப்பாப் போட்டா அடிபடும்னு தெரிஞ்சுக்க ஒரு வண்டியை உடைக்கணுமா?”

“ஆமா சார்.”

இழுபறிக்குப் பிறகு, வேறொரு சோதனையில் பின்பக்கம் மட்டும் நசுங்கி முன்பக்கம் நன்றாக இருந்த ஒரு வண்டியைக் கொடுத்தார். பெரியவள் அத்தோடு நிற்கவில்லை. தொழிற்சாலையில் வேலை செய்த குள்ளமான பெண்களாகப் பார்த்து, கணக்குப் பிரிவு, வெல்டிங், வரவேற்பு, காண்டீன் என்று எல்லா இடத்திலிருந்தும் கூப்பிட்டாள். “புது வண்டி, நம்ம ஓட்டுதளத்துல சுத்திட்டு வாங்க, எப்படி இருக்குன்னு சொல்லுங்க” என்றாள். பெல்ட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. உள்ளே ஒரு கேமரா மட்டும் வைத்தாள்.

எல்லாரும் கிளம்பும்போது ஒழுங்காகப் போட்டுக்கொண்டார்கள், வேலை செய்கிற இடமாயிற்றே. முதல் வளைவு தாண்டியதும் கைகள் கழுத்துக்குப் போகத் தொடங்கின. ஒருத்தி கட்டைவிரலை உள்ளே விட்டுப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தி ஓட்டிய நேரமெல்லாம் தலையைச் சாய்த்தே வைத்திருந்தாள், யாரோ ரகசியம் சொல்வதைக் கேட்பவள் மாதிரி. கணக்குப் பிரிவுப் பெண் பையிலிருந்து துணிக்கிளிப் ஒன்றை எடுத்துப் பெல்ட்டைத் தளர்த்தி மாட்டினாள், அதற்கென்றே வைத்திருக்கிறாளாம். வெல்டிங் பெண்ணும் இன்னும் சிலரும் சர்வசாதாரணமாகக் கைக்கு அடியில் விட்டார்கள். இறங்கி வந்ததும் வண்டி எப்படி என்று கேட்டால், எல்லாரும் “நல்லா இருக்கு” என்றார்கள்.

“பெல்ட்?”

“பெல்ட்டுன்னா அப்படித்தானே இருக்கும்” என்றாள் காண்டீன்காரி.

மோதல் சோதனையைப் பார்க்கச் சின்னவளும் வந்தாள். விதிப்படி வெளியாள் வரக் கூடாது. விபத்தில் சம்பந்தப்பட்டவர் என்று சாது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்துவிட்டார். விலா ஆறிக்கொண்டிருந்தது, மெதுவாக நடந்தாள். பொம்மைக்காரர் சித்தியின் முகத்தில் பச்சை பூசிக்கொண்டிருந்தார்.

“இவங்களா?” என்றாள் சின்னவள். ஏற இறங்கப் பார்த்தாள். “பல்லே இல்லையே.”

“அதை இன்னும் யாரும் கேக்கல மேடம்” என்றார் பொம்மைக்காரர்.

சித்தியின் வலது கையைத் தூக்கி, பெல்ட்டை அடியில் விட்டு, கையை மறுபடி ஸ்டீயரிங்கில் வைத்தார்கள். அப்படி உட்கார்ந்திருந்தபோது சித்தி, வேலைக்குக் கிளம்பிய ஒரு பெண்ணைப் போலவே இருந்தாள்.

எல்லாரும் கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றார்கள். விளக்குகள் எரிந்தன. வண்டி கிளம்பிய சத்தம் பெரிதாக இல்லை, கம்பி இழுக்கும் முனகல்தான். பிறகு மோதல். முதல் தடவை பார்ப்பவர்கள் எல்லாரும் எதிர்பார்ப்பதைவிட அது சீக்கிரம் முடிந்துவிடும். சத்தம் மட்டும் நெஞ்சுக்குள் கொஞ்ச நேரம் நிற்கும். பெரியவள் இதை எண்ணிச் சொல்ல முடியாத அளவுக்குப் பார்த்திருக்கிறாள். அன்று அவள் வண்டியைப் பார்க்கவில்லை. வண்டி கிளம்பியதுமே தலை திரும்பிவிட்டது. தங்கையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மோதிய கணத்தில் சின்னவள் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தது அவளுக்கே தெரியவில்லை. வளையல் சதையில் அழுந்தியது. பெரியவள் கையை எடுக்கவில்லை.

கண்ணாடித் துகள் அடங்கியதும் கணினியைப் பார்த்தார்கள். தலை, நன்று. கழுத்து, நன்று. நெஞ்சு, இதற்கு முன் எப்போதும் இல்லாத அளவுக்கு நன்று.

“பாத்தியா?” என்றார் ஸ்டிக்கர். “தப்பாப் போட்டதுல இன்னும் நல்லா வந்திருக்கு!”

“நெஞ்சு மேல பெல்ட்டே இல்லையே சார், அளக்கிறது அங்கதான” என்றாள் பெரியவள். “படத்தைப் போடுங்க.”

வேகக் கேமராவின் படத்தை மெதுவாக ஓட்டினார்கள். சித்தியின் கைகள் ஸ்டீயரிங்கை விட்டு முன்னால் நீண்டன. தோள் எதிலும் தங்காமல் போனது. உடம்பு பெல்ட்டின் மேல் துணி காயப்போட்டது போல இரண்டாக மடிந்தது. வயிற்றுக்கு மேலே, கடைசி விலாவுக்கு அடியில், பெல்ட் புதைந்து காணாமலே போய்விட்டது. அங்கே அளக்க எதுவும் வைக்கப்பட்டிருக்கவில்லை. பொம்மைக்காரர் பிறகு சட்டையைக் கழற்றியபோது உள்ளே திணித்திருந்த நுரை கிழிந்திருந்தது.

“நிறுத்துங்க” என்றாள் சின்னவள். படம் நின்றது. கிட்டப் போய்த் திரையில் விரலை வைத்தாள். “இங்கதான் எனக்கு” என்றாள்.

ஸ்டிக்கர் தொண்டையைச் செருமினார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேஸ் அவர் முன்னால் நின்று விரலை நீட்டிப் பேசுகிறது. அவருக்கு அவளை உட்காரச் சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை. நாற்காலியைக் காட்டினார்.

அதே வாரம் கூட்டம் நடந்தது. பெரியவள் ஓட்டுதளப் படத்தைப் போட்டாள். கட்டைவிரல், சாய்ந்த தலை, துணிக்கிளிப், கைக்கு அடியில், கைக்கு அடியில், மறுபடி கைக்கு அடியில்.

“எல்லாமே தவறான பயன்பாடு” என்றார் ஸ்டிக்கர், ஆனால் குரலில் பழைய மலர்ச்சி இல்லை.

“ஆமா சார்” என்றாள் பெரியவள். “ஒருத்தர் விடாம.”

பெல்ட் வடிவமைப்பாளர் மேஜைக் கோடியில் உட்கார்ந்திருந்தார். நெட்டையான மனிதர், கூட்டங்களில் வாய் திறப்பதில்லை. படம் முடியும்வரை பார்த்துவிட்டு, கதவுத் தூணில் பெல்ட் தொங்கும் இடத்தை அப்பாவின் தோளுக்கு வைத்து முடிவு செய்ததாகச் சொன்னார். ஏற்றி இறக்க வசதி உண்டு, ஆனால் இறங்குவது போதாது. இன்னும் கீழே இறக்கலாம். இருக்கையை ஆளோடு சேர்த்து உயர்த்தும்படி செய்தால் பெல்ட் கழுத்தைத் தொடாது. ஒன்றும் பெரிய காரியமில்லை.

“அப்ப இவ்வளவு நாள் ஏன் செய்யல?” என்றார் ஸ்டிக்கர்.

“யாரும் கேக்கல சார். சித்தி பாஸாயிட்டே இருந்தா.”

அவர் பொம்மையைத்தான் சொன்னார். ஸ்டிக்கர் ஒப்புதல் கொடுத்தார். கூடவே ஒரு ஸ்டிக்கரும் ஒட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. பெரியவளின் படிவத்திலும் ஒரு வரி கூடியது: தப்பாகப் போட்டிருந்தால், ஏன்? சாதுவுக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போனது. மற்றவர்கள் ஒரு வார்த்தையில் முடிப்பதை அவர் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வந்தார். அதிலிருந்து கர்ப்பிணிகளைப் பற்றி, பருத்தவர்களைப் பற்றி, தோளில் அறுவைச் சிகிச்சை ஆனவர்களைப் பற்றி என்று வேலை பெருகியது. பொம்மைக்காரர் சித்தியின் வயிற்றுக்குள்ளும் அளவுமானி பொருத்தினார். “இனிமே உனக்கும் சொல்ல வாய் இருக்கு” என்று அதனிடம் சொன்னதாகக் கேள்வி.

வண்டி மாற நாளானது. ஒரு தூணில் ஒரு ஓட்டையை இறக்கினால் தூணின் பலம் பார்க்க வேண்டும், அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் சரிவருகிறதா என்று மறுபடி மோத வேண்டும். அதற்குள் சின்னவள் முழுக்க ஆறி, பலகை மேல் ஏறி நின்று பல் பிடுங்கத் தொடங்கிவிட்டாள். இந்தக் கம்பெனி வண்டியை இனி வாசலில் நிறுத்தவே விடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். புது வண்டி வந்ததும் அவள் கணவர் சத்தம் போடாமல் போய் ஒன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்திவிட்டார். இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் சாவியை எடுத்துக்கொண்டாள்.

அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகும் சாக்கில் மூன்று பேரும் அதில் போனார்கள். சின்னவள் ஓட்டினாள், பெரியவள் பக்கத்தில், அம்மா பின்னால். சின்னவள் வண்டி ஓட்டும் லட்சணம் பெரியவளுக்கு அன்றுதான் தெரிந்தது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் புகுந்தாள். வளைவில் ஒடித்தபடியே அம்மாவிடம் பேசினாள், பேசும்போது திரும்பிப் பார்த்தாள். பெரியவளின் வலது கால், அந்தப் பக்கம் இல்லாத பிரேக்கைத் தரையில் மிதித்துக்கொண்டே வந்தது.

“பெல்ட் எப்படி இருக்கு?” என்று கேட்டாள், குரலைச் சமாளித்துக்கொண்டு.

“ம். பரவாயில்ல. இருக்கறதே தெரியல.”

பெரியவளுக்கு இந்த வேலையில் கிடைத்த பாராட்டு அவ்வளவுதான், அது அவளுக்குப் போதுமாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஆனா இது ஒண்ணு இருக்கே” என்றாள் சின்னவள்.

“எது?”

“தலைக்குப் பின்னால வெச்சிருக்கீங்களே, திண்டு மாதிரி. கொண்டை போட்டா அதுல இடிக்குது. தலை முன்னால தள்ளி, குனிஞ்சே ஓட்ட வேண்டியிருக்கு. அதனால அதை உருவிப் பின்னால டிக்கியில போட்டுட்டேன்.”

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். தங்கையின் தலைக்குப் பின்னால் இரண்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன.

“வண்டியை நிறுத்து.”

“இங்கயா?”

“ஓரமா நிறுத்துடி.”

சின்னவள் நிறுத்தினாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனார்கள். பெரியவள் இறங்கி டிக்கியைத் திறந்து, தலைத்திண்டை எடுத்து வந்து, இடத்தில் பொருத்தி, தங்கையின் கொண்டைக்கும் அதற்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தாள். தலையைச் சாய்க்கச் சொன்னாள். நிமிரச் சொன்னாள். கொண்டையைக் கொஞ்சம் கீழே இறக்கிப் போடச் சொன்னாள்.

“நான் ஏன் இறக்கணும்? நீங்க இதை மாத்துங்க” என்றாள் சின்னவள்.

“இரு, பாக்கறேன்” என்றாள் பெரியவள். ஹேர்பின் ஒன்றை உருவித் தன் வாயில் கவ்விக்கொண்டு கொண்டையின் பருமனை விரல்களால் அளக்கத் தொடங்கினாள்.

பின்னால் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். டாக்டர் போய்விடுவார் என்றாள். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.